டிரைவருக்கும் ஒரு படுக்கை

தி.நகர், சென்னை

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

முதலாளி குடும்பத்தோடு கோயில்களுக்குப் போக, படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் வாங்குகிறார். நேற்று இரண்டு வண்டிகள் பார்த்தோம். பெரியதில் டிவிகூட இருந்தது. "டிரைவர் எங்க படுக்குறது?" என்று கேட்டேன். "சீட்டைச் சாய்ச்சுக்கலாம் சார்" என்றார் விற்பனையாளர். முப்பது வருடம் அப்படிச் சாய்ந்து படுத்துத்தான் என் முதுகு போனது. ஓட்டிப் பார்க்கவும் மறுத்து இறங்கிவிட்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

முதலாளி சிரித்துவிட்டார். "முருகையண்ணன் ஏறாத வண்டி நமக்கு எதுக்கு?" என்று, டிரைவர் இருக்கைக்கு மேலே தனிப் படுக்கை உள்ள சின்ன வண்டியையே பதிவு செய்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

அந்த மெத்தையில் விரிக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். சேலையைத் துவைக்க வேண்டாம்.

முருகையன்