பதில் பக்கம் என் கையில்

ஜூன் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேஜையில் இன்று சாப்பிட இடமில்லை. ஒரு பக்கம் லாஜிக் பயிற்சிப் புத்தகங்கள். மறு பக்கம் லேப்டாப்பில் அவர் எங்கிருந்தோ இறக்கி வைத்த பாடம், முதல் மாதம் இலவசமாம். நடுவில் எங்கள் பெண் குருவி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

கல்வி அதிகாரி அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். கணக்கு, மொழி எல்லாம் சரி, லாஜிக்குக்குப் புத்தகமோ சாஃப்ட்வேரோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டில் நானே வந்து சோதிப்பேன், தேறாவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பத்தான் வேண்டும். திரும்பத்தான் வேண்டுமாம்! யூனிஃபார்மைக் கண்டாலே வாந்தி எடுத்த பிள்ளை. போன வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. வீட்டில் வைத்துப் படிப்பிக்க ஆரம்பித்த பிறகுதான் சிரிக்கிறாள். அவளை மறுபடி அங்கே அனுப்ப என்னால் முடியாது. செத்தாலும் முடியாது.

"சாஃப்ட்வேரே போதும்," என்கிறார் அவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்குப் பட்டன் வைத்த எதுவும் தெய்வம். "மெஷின் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது பாரு."

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 9

முடிவாகிவிட்டது. புத்தகம்தான்.

ஒரு வாரமாகக் காலையில் புத்தகம், மாலையில் லேப்டாப் என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் அவள் ஒரு தப்புகூடப் பண்ணவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், பின்னால் இருந்த பதில் பக்கங்களைக் கிழித்து என் கையில் வைத்துக்கொண்டு. அவள் பென்சிலை ஒவ்வொரு விடையின் மேலாக மெதுவாக நகர்த்தி, நின்று, வட்டம் போடுவாள். சரி. சரி. சரி. லேப்டாப்பிலோ பத்துக்கு மூன்று தேறினால் பெரிய விஷயம். "மீண்டும் முயற்சி செய்!" என்று அது ஒரு குரலில் கொஞ்சும் பாருங்கள், எனக்கே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

ஜூன் 15

அவருக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"நீ எதிர்ல உக்காந்தா மேதை, இல்லன்னா மக்கா? எங்கயோ இடிக்குதே."

"உங்க மெஷின் சரியில்லன்னு ஒத்துக்க மனசு வரல."

குருவி உள்ளே வந்து அவரிடம், "அப்பா, எனக்கு லேப்டாப்பும் பிடிக்கும்" என்றாள். என்னிடம் வந்து, "ஆனா புக்குதான்மா ரொம்பப் பிடிக்கும்" என்றாள். இருவருமே சிரித்துவிட்டோம். சமர்த்து.

ஜூன் 24

ஒன்றும் புரியவில்லை.

இன்றைய கேள்வி இது. சாவி சிவப்புப் பெட்டியில் இருந்தால் நீலப் பெட்டி காலி. நீலப் பெட்டி காலியாக இல்லை. அப்படியானால்? குருவி 'இ' என்று வட்டம் போட்டாள்: சாவி சிவப்புப் பெட்டியில் இருக்கிறது. என் கையிலிருந்த பதிலும் 'இ'. டிக் போட்டேன். சாயங்காலம் அவர் டீயோடு வந்து எட்டிப் பார்த்து, "இது தப்பாச்சே" என்றார். இரண்டு முறை படித்தேன். தப்புதான், சாவி சிவப்புப் பெட்டியில் இருக்கவே முடியாது. பதில் பக்கத்திலேயே அச்சுப் பிழை. நான் யோசிக்காமல் நம்பியிருக்கிறேன்.

"சரி, அச்சடிச்சவன் தப்பு பண்ணான். உன் பொண்ணுக்கு எப்படி அதே தப்பு வரும்?"

முதலில் திருட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தாள்கள் ராத்திரியில் பூட்டிய டிராயரில், பகலில் என் கையில். பாடத்தின்போது அவள் எழுந்துகூட வரவில்லை.

ஜூன் 27

சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு தப்பான விடையை மனதில் பிடித்துக்கொண்டேன். 'ஆ', 'ஆ', 'ஆ' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். பென்சில் 'அ'வைத் தாண்டியது. 'ஆ' மேல் நின்றது. வட்டம்.

மறுபடி ஒன்று. மறுபடி இன்னொன்று. நான் நினைத்தது எதுவோ அது.

அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாள் எதிரே உட்கார்ந்திருந்தும் இதை நான் கவனிக்கவில்லை. அவள் பார்ப்பது என்னை.

ஜூன் 28

துணி மடிக்கும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"எப்படிடி கண்டுபிடிக்கிற?"

"சரியான இடம் வந்தா நீ மூச்சு விட மாட்டம்மா."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. ஸ்கூல்ல மிஸ் பின்னாடி வந்து நின்னு ஸ்கேல தட்டிக்கிட்டே இருப்பாங்க. தட்டுறது நின்னா அதுதான் சரி. நிக்கலன்னா..." பிறகு ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல, "அப்பா ரொம்ப ஈஸிம்மா. சாவிக்கொத்த வைக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிடும்."

என்ன சமைக்கட்டும் என்று தினமும் கேட்பேன். நான் ஏற்கெனவே நறுக்க எடுத்து வைத்ததைத்தான் தினமும் சொல்வாள். எவ்வளவு பொருத்தம் பார், அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாக்கு என்று பூரித்துப் போயிருக்கிறேன். அட கடவுளே.

அப்படியானால் அந்தச் சிரிப்பு? அதுவும் எங்களைப் பார்த்துத்தானா?

ஜூலை 4

புத்தகத்தை மூடிவிட்டேன். இனி லேப்டாப். அறையில் நான் இல்லை, அவர் இல்லை, ஒரு முகமும் இல்லை. அவருக்கு ஒரே வெற்றிக் களிப்பு. "நான் அப்பவே சொன்னேன்ல?"

சொன்னீங்க, சொன்னீங்க.

ஜூலை 12

மதிப்பெண் ஏறுகிறது. பச்சைக் கோடு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. இன்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கேள்வியைப் படிக்கவில்லை. வேண்டுமென்றே ஒரு தப்பை அழுத்துகிறாள், காத்திருக்கிறாள், பிறகு சட்டென்று சரியானதை அழுத்துகிறாள். தப்பாக அழுத்தினால் அந்தச் சனியன் சரியான விடையை லேசாக ஆட்டிக் காட்டுமாம். குருவியே சொன்னாள். "இதுக்கும் மூஞ்சி இருக்கும்மா. கண்டுபிடிக்கத்தான் லேட்டாச்சு."

ஜூலை 21

மேஜைக்கு நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை நிறுத்தினார் அவர். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். புத்தகம்தான், ஆனால் என் முகம் தெரியாது.

நெடுநேரம் பென்சில் சத்தமே இல்லை. பிறகு மேஜை நடுங்க ஆரம்பித்தது. எட்டிப் பார்ப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். தாளெல்லாம், கவுனெல்லாம். வீட்டில் படிக்க ஆரம்பித்த பிறகு இதுதான் முதல் தடவை.

பெட்டியைப் பின்கட்டில் போட்டுவிட்டேன். அவளைத் துடைத்துவிடும்போது எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். "பரவால்லம்மா. நீ எதிர்லயே உக்காரு."

ஜூலை 30

அதிகாரி அம்மா போன் செய்தார். செவ்வாய்க்கிழமை வருகிறார். பெற்றோர் கூட உட்காரலாமாம், ஆட்சேபணை இல்லையாம்.

அவர் தெளிவாக இருக்கிறார். "உக்காரு. இதுல என்ன யோசனை? புள்ள இங்க இருக்கணுமா, அங்க போகணுமா?"

நான் எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டால் போதும், தேறிவிடுவாள். எவ்வளவு சுலபம்! பயமாக இருக்கிறது. தேறாவிட்டால் என்ன ஆகும் என்று பயம். தேறிவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் அதைவிடப் பயம்.

ஆகஸ்ட் 4

உட்காரப் போவதில்லை. உட்காருவேன். தெரியல. தெரியலயே.

ஆகஸ்ட் 5

உட்காரவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், ஒன்றும் காதில் விழக்கூடாது என்று. அவர் வேலைக்கே போகாமல் வாசலில் உலாத்திக்கொண்டிருந்தார், என்னோடு பேசவில்லை.

கதவு திறந்தது. அதிகாரி அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"ஒண்ணுகூடத் தப்பில்லைங்க. எத்தனையோ வீட்டுக்குப் போறேன், இவ்வளவு நிதானமா என் முகத்தையே பார்த்துப் பதில் சொல்ற புள்ளைய நான் பார்த்ததே இல்ல. எந்த முறைன்னு கேட்டேன். புத்தகம்னு சொன்னா. எனக்கும் புத்தகம்தான் பிடிக்கும்."

பள்ளிப் படிப்பு முடியும்வரை அனுமதி. இனி சோதனை கிடையாது. வாசலில் நின்றவர் சிரித்துக்கொண்டே ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குருவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவரைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 7

இன்று பாடம் வைக்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மனசை எவ்வளவு காலியாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு காலியாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"குருவி, இது கேள்வித்தாள் இல்ல. தப்பு, சரி எதுவும் இல்ல. உனக்கு இங்க இருக்கணுமா, வேற ஏதாவது பள்ளிக்கூடத்துக்குப் போகணுமா? உனக்கு எது வேணும்?"

தெருவில் ஒரு வண்டி போனது, இன்னொன்று போனது.

"அம்மா."

"சொல்லுடா."

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன்."

"திரும்பாம இருக்கேன். நீ சொல்லு."

"எனக்குத் தெரியலம்மா." குரல் உடைந்துவிட்டது. "ஒரே ஒரு தடவ திரும்பும்மா. ப்ளீஸ்மா."

அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் மறுபடி வாந்தி எடுத்திருப்பாள். என்னால் முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

என்னை ஒருமுறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே, தெளிவாகச் சொன்னாள்.

"இங்கயே இருக்கேம்மா. உன்கூடயே."