பச்சைக் குடம்

மார்ச் 14, வியாழன்

வெயில். காலை ஒன்பதுக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. போர்வெல் வறண்டு இருபது நாள். விவேக் நகரில் எங்கள் சந்துக்கு வாரம் இரண்டு தடவை லாரித் தண்ணீர், அவ்வளவுதான்.

செய்ய: ஏழாம் வகுப்பு பேப்பர் கட்டு. கேஸ் புக் பண்ண. சனிக்கிழமைப் பேச்சு.

பருவநிலை மாற்றம் பற்றி ஆசிரியர்களுக்கு இலவச ஆன்லைன் மாநாடு. எனக்குப் பத்து நிமிடம். தலைப்பு நானே கொடுத்தது: ‘தண்ணீரைப் பகிரும் தெரு’. எங்கள் குட வரிசைதான் விஷயம். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். அடுத்தவர் குடத்தை யாரும் தொடமாட்டோம்.

ஹெச்.எம்: “நல்லா பேசுங்க மிஸ், ஸ்கூல் பேரு வெளிய வரும்.”

மார்ச் 15, வெள்ளி

கீழ்வீட்டு பிலோமினா அக்காவிடம் பேசிக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். “நம்ம குடத்தப் பத்தியா டீச்சர்? இதெல்லாமா கம்ப்யூட்டர்ல கேப்பாங்க?” ஒரே சிரிப்பு. பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று நாளாம். திட்டினேன். நாளைக்கு வாங்குகிறாராம்.

மார்ச் 16, சனி

இதை வேறு யாரிடம் சொல்ல. எழுதிவிடுகிறேன்.

லாரி பதினொன்றுக்கு வரவேண்டியது. வந்தது பன்னிரண்டு பத்துக்கு. பன்னிரண்டரைக்கு என் பேச்சு. நான் பத்தாவது, கடைசி. அக்காவின் பச்சைக் குடங்கள் இரண்டும் நாலாவது. அக்கா மாத்திரை வாங்கப் போயிருந்தார். எல்லோரும் பைப்பைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. அவர் குடங்களை என் இடத்தில் வைத்தேன், என்னுடையதை அங்கே.

பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். லேப்டாப்பைத் திறக்கும்போது, தண்ணீர் தீர்ந்ததென்று கன்னடத்தில் டிரைவர் குரல்: “ஆயித்தும்மா, நீரு காலி!” அப்போது எட்டு வீடுதான் ஆகியிருக்கும்.

பேச்சு பிரமாதம். திரை முழுக்கக் கைதட்டல் பொம்மை. ஒருவர் கேட்டார்: “யாராவது ஏமாத்தினா?”

“எங்க தெருவுல அப்படி நடந்ததே இல்லைங்க” என்றேன். சீ.

கீழே இறங்கினால் சத்தம். அக்கா இரண்டு குடத்தோடு மெயின் ரோட்டுக் குழாய்க்கு நடந்திருக்கிறார், உச்சி வெயிலில். பேக்கரி வாசலில் விழுந்துவிட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

ஐ.சி.யூ. கண் திறக்கவில்லை. வெளியே அவர் மகள் ரீனா, நேற்றுப் போட்ட அதே சுடிதார்.

“வெயில்தான்னு டாக்டர் சொல்றாங்க டீச்சர். ‘நாந்தான் குடத்த லேட்டா வெச்சுட்டேன் போல’ன்னு சொல்லிட்டேதான் அம்மா குழாய்க்குப் போனாங்க.”

அக்காவுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. சொல்லிவிட வாயெடுத்தேன். “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கோழை.

மாநாட்டுச் சான்றிதழ் மெயிலில் வந்திருக்கிறது. ஹெச்.எம். ஸ்கூல் குரூப்பில் போட்டுவிட்டார். நாற்பது பேர் வாழ்த்து.

மார்ச் 18, திங்கள்

லீவு போட்டேன். அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் சோறு வைத்தேன். வேறு தண்ணீர் இல்லை. பேப்பர் கட்டு அப்படியே.

மார்ச் 19, செவ்வாய்

அக்கா அப்படியே இருக்கிறார்.

லாரி சீக்கிரம் வந்துவிட்டது. ரீனா ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்தவள், பச்சைக் குடங்களோடு எனக்கு முன்னால். ஒன்று நசுங்கியிருக்கிறது. திரும்பிப் பார்த்தாள். தன் குடங்களைப் பின்னால் நகர்த்தினாள்.

“நீங்க முன்னாடி பிடிங்க டீச்சர், உங்களுக்கு ஸ்கூல் இருக்கும். கேட்டா அம்மா எடத்த குடுத்துருவாங்க, எப்பவுமே.”

பிடித்தேன். இரண்டு குடம்.