ஜப்பான் ஜாடியில் கரண்டி

அக்கா,

இன்று காலை ஷோகேஸைத் துடைக்கும்போது உன் ஜப்பான் ஜாடிகளில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எத்தனை முறை கழுவியும் அதிலிருந்து உன் தாளிப்பு வாசனை போகவில்லை. எரிச்சலாக வந்தது.

அறுபதுகளில் ரங்கூனிலிருந்து வந்து, கும்மிடிப்பூண்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினாய். சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குப் புது இரும்புக் கம்பெனியில் வேலை நிரந்தரமானது. ஆசாரியை வைத்து எனக்கொரு கண்ணாடி ஷோகேஸ் செய்து கொடுத்தார். உள்ளே வைக்க என்னிடம் இருந்தது பிளாஸ்டிக் பூங்கொத்தும் தலையாட்டி பொம்மையும்தான். உன்னிடமோ மாமனார் காலத்துப் பீங்கான் ஜாடிகள், ஜோடியாக. பாலத்தின்மேல் குடை பிடித்து நிற்கும் பெண்கள், கையால் தீட்டிய தங்க ஓரம். நீ அவற்றை அடுப்பு மேடையில் வைத்து, ஒன்றில் கரண்டிகளையும் இன்னொன்றில் மத்தையும் பூரிக்கட்டையையும் செருகியிருந்தாய். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போதாததற்கு ஒருநாள் அவர் உன் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்து, "அக்கா ஊட்டு கிச்சன் இன்னா அழகா கீது பாரு" என்றார். என் ஷோகேஸை அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அன்று சாம்பாரில் உப்புப் போடவில்லை, வேண்டுமென்றேதான்.

மறுநாளே உன்னிடம் கேட்டேன். "இதுல போய் கரண்டிய வெச்சிருக்கியேக்கா, என் ஷோகேஸ்ல வெச்சா எப்டி இருக்கும்?"

நீ தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாய்: "ரங்கூன்ல கப்பல் ஏறும்போது பர்மா ஆபீசருங்க வளையல் வரைக்கும் கயட்டி வாங்கிக்கினாங்கடி. இதுல கரண்டிங்க இருந்துச்சா, சமையல் சாமான்னு உட்டுட்டாங்க. அப்டியே இருக்கட்டும்னு வெச்சுக்கினு கீறேன்."

எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. ஜாடியும் உனக்கு, அதற்கு இப்படியொரு கதையும் உனக்கா என்றுதான் தோன்றியது.

நீ போய்ச் சேர்ந்தபின் உன் மருமகள் அவற்றைப் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தாள். "அத்த உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். என் ஆசை உனக்குத் தெரிந்தேயிருக்கிறது. அப்போதுதான் உனக்காக அழுதேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் ஷோகேஸ் முன்னால் நின்று ஜாடிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். கப்பலையும் கரண்டியையும் பற்றி நீ சொன்னபடியே சொல்கிறேன். "பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டு கொண்டாந்திருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் இல்லை என்று சொல்வதில்லை, அக்கா.