மேஜை ரூமில் ஒரு தனி அடுப்பு

அன்பான மாமாவுக்கு,

உங்கள் மருமகள் கும்பிட்டு எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்கள் எதிரே வந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை நான். சமையல்கட்டுக் கதவோரம் நின்று “சரிங்க மாமா” என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது. இப்போது வாய் வந்திருக்கிறது, கேட்க நீங்கள் இல்லை. ஆனாலும் உங்கள் மேஜை ரூமைப் பற்றிய சேதியை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

பிள்ளைப்பாக்கத்தில் முன்சீப் வீடு எது என்று கேட்டால், “மேஜை ரூமு கீதே, அந்த வூடு” என்றுதான் இன்றைக்கும் வழி சொல்கிறார்கள். கிராமக் கணக்கைப் பார்க்க வரும் அதிகாரிகள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்று, முன்சீப்பாக இருந்த காலத்தில் ஆசை ஆசையாகக் கட்டினீர்கள். காஞ்சிபுரத்தில் சொல்லிச் செய்த மேஜை, ஆறு நாற்காலி, பூப்போட்ட பீங்கான் தட்டு. நாமெல்லாம் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த ரூமோ பூட்டியே கிடக்கும். வெள்ளிக்கிழமைதோறும் திறந்து துடைத்துவிட்டு மறுபடி பூட்டுவேன்.

கலெக்டர் ஒரே ஒரு தடவை வந்தார். ஜீப்பருகே நின்றபடியே ஓர் இளநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே பதினைந்து பேருக்குச் சமைத்து வைத்திருந்தோம். உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. நீங்களோ, “அவுருக்கு அவசரம் பாப்பா. அடுத்த வாட்டி சாப்புடுவாரு” என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள்! அடுத்த வாட்டி வருவதற்குள் அரசாங்கம் முன்சீப் வேலையையே எடுத்துவிட்டது.

நீங்கள் போனபிறகு அந்த ரூமுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை. முதலில் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கினோம். மேஜைக்கடியில் அடைக்கோழி ஒன்று யாரையும் கேட்காமல் குடித்தனம் வைத்தது. உங்கள் மகன் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து, “தெக்கத்திப் பசங்க ரெண்டு பேரு எங்க கம்பெனியில புச்சா சேந்துகீறாங்க. ரூமு தேடிகினு கீறாங்க. சும்மா பூட்டி வெச்சிகினு இன்னா பண்ணப் போறோம்? வாடகைக்கு வுட்டுடலாம்” என்றார். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா சேரப்பணஞ்சேரியில் தனியாகத்தான் இருந்தாள். அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. போன மழையில் பின்பக்கச் சுவர் விழுந்துவிட்டது. ஓலைத் தட்டியை வைத்து மறைத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடந்தாள். நான் போய்ப் பார்த்த அன்று, தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கி இருந்தது. “நம்ம வூட்டுக்கு வந்துடும்மா” என்று அழுதேன்.

“பொண்ணு குடுத்த வூட்டுல போயி ஒக்காந்துகினு துன்றதா? உங்கப்பன் மேலேந்து பாத்தா என்னை இன்னா கேப்பாரு?” என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. “அதுவும் அந்த வூட்டுலயா? கதவைச் சாத்திச் சோறு போட்ட வூடுடி அது” என்றாள்.

உங்களுக்கு அந்த நாள் நினைவிருக்குமா, மாமா? கல்யாணமான புதிதில் அம்மாவும் அப்பாவும் முதல் தடவையாக விருந்துக்கு வந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. இவர்கள் இரண்டு பேரை மட்டும் மேஜை ரூமில் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். அத்தை பரிமாறிவிட்டு வெளியே வந்ததும் கதவைச் சாத்தினீர்கள். அடுப்படியிலிருந்த எனக்குத் தாழ் போட்ட சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு அறியாதவர். பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டார். “வேலை கீதும்மா” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். புறப்படும்போது அம்மா என் காதில், “ஒரே பந்தியில ஒக்கார வெக்கற அளவுக்குக் கூட நாங்க இல்லியா?” என்றாள். அதன்பின் அவர்கள் நம் வீட்டில் கை நனைத்ததே இல்லை. பிள்ளைகளுக்குக் காது குத்தியபோதும் வந்தார்கள், சீர்த்தட்டை வைத்தார்கள், கிளம்பிவிட்டார்கள்.

எனக்கும் அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் விடியுமுன் ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டி கட்டுகிற மனுஷர், என்னைப் பெற்றவர்களிடம் ஏன் அப்படி நடந்துகொண்டார்? கேட்கவா முடியும்?

அம்மா வரமாட்டேன் என்றதையும், அந்தக் கதவு சாத்திய பேச்சையும் வீட்டில் சொல்லி அழுதேன். அத்தைதான் உங்களுக்குத் தெரியுமே, பேசினால் முத்து உதிர்ந்துவிடும். நீங்கள் போனபின் அதுவும் குறைந்துவிட்டது. சோறும் அப்படியே. தட்டில் போட்டதில் பாதி கோழிக்குத்தான் போகும். அப்படி இருந்தவர் மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து, “கெளம்பு, உங்கம்மாவப் பாத்துட்டு வரலாம்” என்றார். நீங்கள் போனபின் அவர் வாசற்படி தாண்டியது அன்றுதான்.

ஒரகடத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள். அத்தை உட்காரவில்லை.

“சம்மந்தி, அன்னிக்கிக் கதவச் சாத்தினது அவுருதான். ஏன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார். “ஆபீசருங்க வந்து தங்கற பங்களாவுல சமையல் செய்யிற ஆளு அவருகிட்ட சொல்லிகீறாரு, பெரிய ஆபீசருங்க துன்னும்போது கதவச் சாத்திடணும், யாரும் கண்ணு வெக்கக் கூடாதுன்னு. கலெக்டருக்குன்னு கத்துக்கினு வந்தத உங்களுக்குச் செஞ்சாரு. நீங்க துன்னு முடிக்கிற வரைக்கும் வெளியில கையக் கட்டிகினு நின்னுகினு இருந்தாரு. எங்க யாரையும் அந்தப் பக்கமே வுடல.”

“எங்களையா? நாங்க இன்னா கலெக்டரா?” என்று அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. “இந்த மனுசன் தெரிஞ்சிகினு போயிருக்கலாமே” என்று அப்பா படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

என்ன மனுஷர் மாமா நீங்கள்! மரியாதை செய்யப் போய் இத்தனை வருஷப் பகையைச் சம்பாதித்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவர்கள் ஏன் அப்புறம் சாப்பிடவே இல்லை என்று நீங்களும் உள்ளுக்குள் தவித்துக்கொண்டுதான் இருந்தீர்களா?

வருத்தம் தீர்ந்தாலும் அம்மா வழக்கத்தை விடவில்லை. “வரேன். ஆனா என் அடுப்பு தனி. என் அரிசி, என் பானை. ஒத்துக்கினா வரேன்” என்றாள். அத்தை உடனே சரி என்றுவிட்டார்.

மூட்டைகளை எடுத்தோம். அடைக்கோழியைக் கெஞ்சி இடம் மாற்றினோம். ஜன்னலோரம் நானே மண் குழைத்து அடுப்பு போட்டேன். புகை போக உங்கள் மகன் கூரை ஓடு ஒன்றைத் தூக்கி வைத்தார். கலெக்டருக்கு வாங்கிய பீங்கான் தட்டில் இப்போது காய்ந்த மிளகாயும் புளியும் இருக்கின்றன. மேஜைமேல் அரிசிப்பானை. நாற்காலி முதுகில் புடவை காய்கிறது. பார்த்தால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள், பிறகு சிரிப்பீர்கள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரே கூரையில் இரண்டு புகை வந்தால் போதாதா! “முன்சீப்பு வூட்ல பாகம் பிரிச்சிட்டாங்களாமே? மாமியாளும் மருமவளும் தனித்தனி ஒலையாமே?” என்று பென்னலூர் வரைக்கும் பேச்சு போய்விட்டது. உங்கள் மகனைக் கம்பெனி பஸ்ஸிலேயே துக்கம் விசாரித்திருக்கிறார்கள்.

அம்மா காய்ச்சுவதை அம்மா சாப்பிட்டாள். நாங்கள் காய்ச்சுவதை நாங்கள் சாப்பிட்டோம். நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் ஒரு கரண்டிக் குழம்பைக்கூட அவள் என்னிடம் வாங்கமாட்டாள். கூட்டிக்கொண்டு வந்தும் தனியாகத்தானே சாப்பிடுகிறாள் என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை, அடுப்பு மூட்டவில்லை. நான் நம் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டு போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். தலையை மட்டும் ஆட்டினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்த உடம்பு. பயந்துபோய் அத்தையைக் கூப்பிட்டேன்.

அத்தை வந்தார். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார். அம்மாவின் அடுப்பருகே உட்கார்ந்து, அம்மாவின் பானையில் அம்மாவின் அரிசியைப் போட்டு, அவரே ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சினார். ஆற்றிக்கொண்டு வந்து அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“உங்க அரிசி, உங்க அடுப்பு. இந்த ரூமுல நீங்கதான் வூட்டுக்காரங்க, நான்தான் விருந்தாளி. விருந்தாளி குடுத்தா வாணாம்னு சொல்லுவீங்களா சம்மந்தி?”

அம்மா வாயைத் திறந்தாள். நாலு வாய் குடித்ததும் அத்தையின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“விருந்தாளி துன்னாம நான் எப்புடித் துன்றது? நீங்களும் துன்னுங்க” என்றாள்.

வழக்கம் வழக்கம்தானே, மாமா? மீற முடியுமா? அத்தை அதே பானையிலிருந்து ஊற்றிக்கொண்டு குடித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். நீங்கள் போனபிறகு அவர் வயிறார உண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். இப்போதெல்லாம் மதியமானால், “சம்மந்தி தனியா துன்னுவாங்க” என்று சொல்லிக்கொண்டே தட்டோடு அங்கே போய்விடுகிறார். அம்மாவும், “உங்கத்தை தனியா துன்னா சரியா துன்ன மாட்டாங்கடி” என்று ஒரு பிடி அரிசி கூடவே போடுகிறாள்.

அந்த ரூமை வாடகைக்கு விடப் போவதில்லை என்று உங்கள் மகன் சொல்லிவிட்டார். நானும் உங்களுக்கு வாக்கு கொடுக்கிறேன் மாமா. இந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிந்தாலும் எரியட்டும், அத்தையையும் அம்மாவையும் ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிட விடமாட்டேன்.

என்றும் உங்கள் பாப்பா,
உங்கள் வீட்டுக்கு வாழ வந்த மருமகள்
கஸ்தூரி