கீழ்ச் சுருதியில் கொக்குப் பாட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

தொண்டை டாக்டரிடம் போய் வந்தேன். இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். போன வருடம் கழுத்துக் கட்டியை எடுத்தபோது குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று அடிபட்டுவிட்டது. பேச்சு வரும், கீழ்ச் சுரங்கள் வரும். மேலே போனால் வெறும் காற்று. "இதுதான் உங்க குரல்னு வெச்சுக்கிட்டுப் பழகுங்க," என்றார். கெட்டவர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லப் பாடிப் பார்த்தேன். சரியாக மூடாத குக்கர் மாதிரி உஸ்ஸென்றது.

இவர் வேலையிலிருந்து வந்ததும், தோளில் வயர்ச் சுருளோடு, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லல." டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 6, வியாழன்

பள்ளிக்கூடத்தில் இன்னமும் நூலகத்தில்தான் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பாட்டு டீச்சரான நான் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே போடுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்தான். சும்மா இருக்கும்போதும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பதால் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கொசு என்று பெயர். பேஸ் கிடார் வாசிக்கிறவன், மூன்று குழுக்களில் இருக்கிறான், எதிலும் நேரத்துக்குப் போகமாட்டான். பரணில் அவனுடைய பழைய ஒலிபெருக்கியைத் தேடப்போய் என் இசைத்தட்டுப் பெட்டியை இறக்கிவிட்டான்.

எல்லாம் கொக்குத் தட்டுகள். கம்பெனிக்கு நீளமாக வேறு ஒரு பெயர் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. தட்டின் நடுவே ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நிற்கும், தட்டு சுற்றினால் கொக்கும் சேர்ந்து சுற்றும். அத்தையின் அழகு நிலையத்தில் காலையிலிருந்து இதுதான் ஓடும். முடி உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலை மீறிக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பாடவே கற்றுக்கொண்டேன். பெரிய பாடகர்கள் யாரும் கொக்குக்குப் பாடியதில்லை. ஒரு நர்ஸ், ஒரு தபால்காரர், துணிக்கடையில் கணக்கெழுதிய ஒரு பெண். பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்கிற மாதிரி பாடுவார்கள். கொஞ்ச வருடங்கள்தான் கம்பெனி இருந்தது. பிறகு கேசட் வந்தது, மூடிவிட்டார்கள்.

கொசு குடைப் பாட்டைப் போட்டான். நர்ஸ் பாடியது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இப்பப் பாடினியே, அதைத் திரும்பப் பாடு."

"நான் எங்கடா பாடினேன்?"

பாடியிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாமல், ரொம்பக் கீழே.

மார்ச் 16, ஞாயிறு

கொசுவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கொக்குப் பாட்டுகளை மட்டும் எடுத்து, என் குரலுக்குச் சுருதியை இறக்கி, ஒரு ஆல்பம் பண்ணவேண்டுமாம். "அக்கா, அவங்களுக்கு நாம பண்ற மரியாதை இது. வேற யாரு பண்ணுவா?"

"அந்தப் பாட்டுக்கெல்லாம் ஏன்டா இந்த ஓட்டைக் குரல்?"

"கொக்குல யாரு குயில் மாதிரி பாடினா?"

இவர் படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்துக் கம்பளிகளைத் தொங்கவிட ஆரம்பித்தார். பதிவு செய்யும்போது எதிரொலிக்கக் கூடாதாம். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்? எப்போது?

மார்ச் 29, சனி

இன்று பாடியதைப் போட்டுக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

இதா என் குரல்? துருப்பிடிச்ச கேட்டைத் தொறக்கிற மாதிரி இருக்கு. வரி முடியறதுக்குள்ள மூச்சு போயிடுது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இதை ஒருத்தர்கிட்ட கொடுப்பேன்? கொசுவைத் திட்டி அனுப்பிட்டேன். இவரையும் திட்டினேன், கம்பளி எதுக்கு மாட்டினீங்கன்னு. பாவம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கொசுவே போன் செய்தான். நான் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சுருதியை இன்னும் ஒண்ணு இறக்குவோம்க்கா. நீ எட்டிப் பிடிக்கிற மாதிரி பாடுறே. எட்ட வேண்டாம்."

சாயங்காலம் அவன் வந்ததும் இறக்கினோம். எட்டிப் பிடிக்கப் போகவில்லை. மூச்சு மிச்சமிருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

நான்கு பாட்டு தேறிவிட்டது. ஆனால் யாரிடம் அனுமதி கேட்பது? கம்பெனி நடத்தியவர் இறந்து பல காலம் ஆகிவிட்டது. உரிமை மகளிடம் இருப்பதாகக் கொசு விசாரித்து வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். சனிக்கிழமை போகிறேன்.

ஏப்ரல் 12, சனி

சின்னக் கடை. மூன்று பக்கமும் கண்ணாடி பிரேம்கள், ஆளில்லாத முகங்கள் நம்மைப் பார்க்கிற மாதிரி. அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். கழுத்தில் சங்கிலியில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. கொக்கு என்று சொன்னதுமே முகம் சுண்டிவிட்டது.

"அதைப் பத்திப் பேச வந்தீங்கன்னா வேண்டாங்க. வருஷத்துக்கு ஒருத்தர் வர்றாங்க. ஒருத்தர் டமால் டுமீல்னு மேளம் சேர்க்கணும்கிறார், ஒருத்தர் சோப்பு விளம்பரத்துக்குக் கேக்கிறார்."

நான் அப்படி இல்லை என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்றார்.

பிறகு, ஒரு பிரேமைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா வீட்டுல இருந்ததே கிடையாது. எப்பவும் அந்த ஸ்டூடியோதான். கம்பெனியை மூடினதுக்கப்புறம் வீட்டுலயே இருந்தார், ஆனா ஒரு பாட்டுப் போடலை, எங்களையும் போட விடலை. அந்தக் கொக்கு எங்களுக்கு என்ன கொடுத்துச்சு, சொல்லுங்க. நீங்க எதுக்கு இதைப் பண்றீங்க?"

அவ்வளவு தூரம் போனவள் இந்தக் கேள்விக்குப் பதிலை எடுத்துக்கொண்டு போகவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

"ஊரே கேக்காமத்தான் இன்டர்நெட்டுல போடுது. நாம மட்டும் என்ன?" என்கிறான் கொசு.

மரியாதை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்காரர்களே வேண்டாம் என்பதைச் செய்தால் அதற்குப் பெயர் மரியாதையா? முடியாது என்றேன். முனகிக்கொண்டே போனான். முனகலில்கூட குடைப் பாட்டுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எதுக்குப் பண்ணுறேன்? பாத்திரம் தேய்க்கும்போது, அட்டை போடும்போது, அந்தக் கேள்விதான்.

ஏப்ரல் 26, சனி

மறுபடி போனேன். கடையில் ஒரு தாத்தா பிரேம் பார்த்துக்கொண்டிருந்தார், எதைப் போட்டாலும் மருமகனைப் போல இருக்கிறதாம். அவர் போகும்வரை காத்திருந்தேன்.

"அன்னைக்கு எதுக்குன்னு கேட்டீங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. ஒரு பாட்டுக் கேளுங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா வரவே மாட்டேன்." போனையும் இயர்போனையும் நீட்டினேன். வாங்குவார் என்று நினைக்கவில்லை. வாங்கினார்.

தபால்காரரின் பாட்டு அது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் நடந்தே வீட்டுக்குப் போவது. வெறும் என் குரலும் கொசுவின் பேஸும்தான். கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் துடைப்பது நின்றுவிட்டது.

"யாரு பாடினது?"

"நான்தான்."

"ஏன் இவ்வளவு கீழ?"

"மேல போக முடியாதுங்க. ஆபரேஷன்ல குரல் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதுல பாட முடியற பாட்டு இதுங்கதான்." சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, பதில் இதுதான் என்று. அன்றைக்கு இதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

அவர் இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நடுவுல விசில் வருமே. அது எங்க?"

"என் தம்பி அடிச்சுப் பார்த்தான். எச்சில்தான் வந்துச்சு. அசல்ல அடிச்சது யாருன்னு உறையிலயும் போடலை. எந்த ஆம்பளையோ, நல்லா அடிச்சிருக்கார்."

அவருடைய உதட்டோரத்தில் சிரிப்பு வந்ததை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். "ஆம்பளை எல்லாம் இல்லை. நான்தான். எனக்கு அப்போ ஒன்பது வயசு. புல்லாங்குழல்காரர் வரலை. லீவு நாள்னு அப்பா என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தார். ஒரு மூலையில உட்கார்ந்து விசிலடிச்சிட்டு இருந்தேன். வா, இதையே மைக்குல அடின்னார்."

லென்ஸை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"பேரு போடலை பாருங்க," என்றார். கோபமாக இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்."

மே 4, ஞாயிறு

போன் வந்தது. சரியாம். ஆனால் பாடினவர்கள், வாசித்தவர்கள் எல்லோருடைய பெயரும் உறையில் வரவேண்டும். இப்போதுள்ளவர்கள் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் பெயர் விட்டுப்போனவர்களும். தெரிந்தவரை அவரே கேட்டு எழுதித் தருகிறாராம்.

"இன்னொண்ணு. அந்த விசிலுக்கு வேற ஆளைத் தேடாதீங்க."

கொசு போனைப் பிடுங்கி அவருக்கு நன்றி சொல்லப்போய், உளறி, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மே 18, ஞாயிறு

கண்ணாடிக்கார அக்கா எங்கள் படுக்கையறைக்கு வந்தார். இப்போது அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அவரே சொன்னார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, போட்டோ எடுக்கப் போகிறவர் மாதிரி. தொங்குகிற கம்பளிகளைப் பார்த்துவிட்டு, "இங்க யாராவது தூங்குறீங்களா?" என்றார். இவர் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார்.

விசில் வரவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் காற்று மட்டும் வந்தது. முன்பல் இரண்டு கட்டியவை, அதன் வழியாக எல்லாம் ஒழுகிவிடுகிறது. மறுபடி, மறுபடி. முகம் வாடத் தொடங்கியது.

"விடுங்கம்மா. வயசாயிடுச்சு. சின்னப் பிள்ளை அடிச்சது, இப்ப எப்படி வரும்?"

"அந்த விசில் எதுக்குக்கா? இப்ப என்ன வருதோ அதை அடிங்க. போதும்."

சொன்னது நான்தான். இதே வார்த்தையை ஒரு வருடமாக என்னைச் சுற்றி எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

அடித்தார். பழைய தட்டில் இருக்கிற மாதிரி பளிச்சென்று இல்லை. பாதி காற்று, பாதி விசில், நடுவில் ஒரு இடத்தில் உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. கொசு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

"எங்கப்பா இருந்தா, இன்னொரு தடவைன்னு சொல்லியிருப்பார்," என்றார் அக்கா.

"சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

பிறகு டீ குடித்துக்கொண்டு அவருடைய அப்பாவைப் பற்றி நிறையப் பேசினார். பாடகர்களுக்குப் பசிக்கும் என்று பை நிறைய ரஸ்க் வாங்கிப் போவாராம், மைக் பக்கத்தில் மொறுமொறு சத்தம் கேட்டால் மட்டும் கத்துவாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. தலைமையாசிரியையின் அறைக்குப் போய்ப் பாட்டு வகுப்பைத் திரும்பக் கேட்டேன்.

"பிள்ளைங்களுக்கு மேல் சுரம் யாரு பாடிக் காட்டுவா?"

"அவங்களே பாடுவாங்க மேடம். அவங்ககிட்டதான் நிறைய இருக்கே."

ஒரு வகுப்பு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஆறாம் வகுப்பு. இருப்பதிலேயே வாலுப் பயல்கள். பரவாயில்லை.

ஜூன் 21, சனி

ஆல்பம் முடிந்தது. கொக்கு மாதிரியே இசைத்தட்டாகத்தான் அச்சடிக்கப் போகிறோம். உறைக்கு எந்தப் படம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே அச்சுக்காகச் செய்த அசல் கொக்கு, உள்ளங்கை அகலத் தகட்டில். "இதையே போட்டுக்குங்க. என் பீரோவுல நின்னு நின்னு அதுக்கும் கால் வலிச்சிருக்கும்."

மாலை இவர் மாடிப்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். நான் சமையலறையிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து, "அந்த மூணாவது பாட்டுல ஒரு கர்ர்னு சத்தம் வருது," என்றார். கரண்டியைக் கீழே வைத்தேன். "நம்ம பிரிட்ஜ். அன்னைக்கே அணைச்சிருக்கணும்."

கண் சிவந்திருந்தது.

ஜூலை 12, சனி

நூலக ஹாலில் எல்லாவற்றையும் பாடினோம். நாற்காலிகள் மிச்சம் இருந்தன. குடைப் பாட்டில் ஒரு இடத்தில் குரல் அப்படியே நின்றுவிட்டது. நானும் நின்றேன், மூச்சு வாங்கினேன், விட்ட இடத்திலிருந்து பாடினேன். யாரும் எழுந்து போகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறேன் என்று வீட்டில் கிண்டல். அக்கா கடைக்குக் கண்ணாடிக்குப் போனேன். கடையில் எங்கள் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் காத்திருந்த ஒருவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாருங்க பாடுறது? ஆம்பளையா, பொம்பளையா?" என்றார்.

அக்கா சட்டென்று என்னைப் பார்த்தார்.

"பொம்பளைதாங்க," என்றேன். "அவ குரல் அப்படித்தான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். "உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு. அந்தப் பக்கத்தையே மறுபடி போடுங்கம்மா, அவசரம் ஒண்ணுமில்லை."

அக்கா என் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்தார். இது தெளிவா, இதுவா? கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

சனிக்கிழமை கொசு வருகிறான். புதுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். வார்த்தையும் மெட்டும் என்னுடையவை. மேல் சுரம் ஒன்றுகூட வைக்கவில்லை. தேடவும் இல்லை.