புளி தின்ற கறுப்பு

அன்பு மச்சானுக்கு,

நம் கடையில் நீங்கள் கறுப்பேற்றிக் கொடுத்த துப்பாக்கி ஒன்று வெளுத்துப்போய்த் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் போய் எட்டு மாதம். அதற்குள் உங்கள் வேலையின்மேல் ஒரு புகார்.

கொண்டுவந்தவர் வெண்ணந்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டிருக்கும் பெரியவர். காலை வெயிலில் பன்றியைக் குறி பார்த்திருக்கிறார். குழல் முனையிலிருக்கும் இரும்புக் குறி வெள்ளிபோல மின்னிக் கண் கூசிவிட்டது. பன்றிக்குப் போக வேண்டிய ரவை பங்காளியின் எருமைக் காதைத் துளைத்துவிட்டது.

“நான் உசுரோட இருக்கற வரைக்கும் கறுப்பு போவாதுன்னாருங்க உங்க மச்சான். சொன்ன சொல் தவறலீங்க. அவரும் போனாரு, கறுப்பும் போயிருச்சு” என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பேருக்காகத்தான் மேச்சேரியிலிருந்துகூட ஆள் வருகிறது. அது கெட்டால் நான் எதைக் காட்டி வியாபாரம் செய்வேன்?

விளக்குக்கரி பூசினால் ஒரு காலைக்குத்தான் நிற்கும், பெயின்ட் ஒரு மழைக்குத்தான் என்பீர்கள். நீங்கள் குறியில் துருவேற்றி, கொதிநீரில் போட்டு, அது கறுத்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி துருவேற்றி, இப்படி ஆறு தடவை செய்து எண்ணெயிட்டதை நான் பார்த்தவன். அது எப்படிப் போகும்?

குழலில் குங்குமம் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன்: “ஆயுத பூசைக்கு என்னங்க பண்ணுனீங்க?”

“எப்பவும் போலத்தானுங்க. அருவா, கடப்பாரை, துப்பாக்கி, அல்லாத்தையும் புளி போட்டுத் தேச்சு...” பாதியில் நின்றார். அந்தப் புளிப்புதான் கறுப்பைத் தின்றிருக்கிறது. “அட சாமி! தேச்சவ எம் பொண்டாட்டிங்க. எருமைக்கு மட்டும் என்னைய வையறா!”

உங்கள் பேர் தப்பியது. கறுப்பேற்ற ஆள்தான் இல்லை. நானே உட்கார்ந்தேன். நாலு தடவையோடு அவசரப்பட்டு எடுத்தேன், செம்பழுப்பாக நின்றது. மறுபடி முதலிலிருந்து. முதுகு விட்டுப்போகிறது, மச்சான். சலிக்காமல் எப்படிச் செய்தீர்கள்? பக்கத்திலேயே இருந்தும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. எனக்கு விலை பேசவே நேரம் சரியாக இருந்தது.

இனி ஆறு தடவைக்குக் குறைந்து ஒரு குறியும் இந்தக் கடைப்படி இறங்காது. இது உங்களுக்குச் சொல்வது. பெரியவரிடம் பேசி முடித்தது இது: இந்த முறை கூலி இல்லை. இனிப் பூசைக்குத் துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும். இன்னொரு தரம் புளி பட்டால் கூலி பதினைந்து ரூபாய், ஒரு வாரத்துக்கு முன்னால் வந்து துப்பாக்கியைக் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை