இரண்டாவது காலுறையின் குதி

என் அன்பான சிக்ரிட் அன்ரிக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. "எனக்கு மருமக்கள் ஒருத்தரும் இல்லை, பேரைச் சொல்லு" என்பீர்கள். இனி எப்படி மறுப்பீர்கள்?

நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குரோருட்டில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில், உங்கள் யன்னலில் விளக்கில்லை. நான் படித்தது குறைவு. மனதில் வருவதை எழுதுகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் நாட்டுக்குள் ஜெர்மன்காரர் நுழைந்த போர்க்காலத்தில், பத்தொன்பது வயதில் உங்களை அவர்கள் பிடித்துப்போய் வதைமுகாமில் அடைத்தார்கள். குளிரில் மணல் அள்ளிக் கால் வீங்கி, நிற்க முடியாமல் போனதும் பின்னல் கொட்டகையில் இருத்தினார்கள். விடியமுன்னம் எழும்பி வரிசையில் நின்று, தண்ணியாய்க் கிடக்கிற சூப்பைக் குடித்துவிட்டு, உங்களை அடைத்த ஆமிக்கே காலுறை பின்னவேண்டும். நீங்களெல்லாரும் என்ன செய்தீர்கள்? குதிகால் படுகிற குதியை மட்டும் மெல்லிசாய்ப் பின்னினீர்கள். பார்த்தால் தெரியாது. நடக்க நடக்கக் கிழியும். பிடிபட்டால் உயிர் போகும்.

"பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"பயந்து பயந்துதான் பின்னினனாங்கள். கை நடுங்கினதும் நல்லதுதான், பின்னல் இன்னும் இளகிச்சுது" என்று சிரித்தீர்கள். அந்தத் துணிவு எனக்கு வருமா?

நானும் சண்டை முடிய வன்னியில் ஆமி அடைத்த முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருந்தவள். தண்ணீர் வரிசையிலேயே நாள் போகும். அதை உங்களிடம் மட்டுந்தான் சொல்ல முடிந்தது.

அதனால்தான் என் மகள் அபி, இங்கே பெண்பிள்ளைகளுக்கும் உள்ள கட்டாயப் படைச் சேவைக்கு வடக்கே போகிறாள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமி என்ற சொல்லே எனக்கு ஆகாது. அவள் விருப்பத்தோடு போகிறாள் என்பதால் அவளோடு கதைப்பதையே விட்டிருந்தேன். கடைசியில் அவளே கீழே வந்து உங்களிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் நான் வந்தபோது உங்கள் மடியில் சாம்பல் நிறக் கம்பளி நூலில் பாதி பின்னின காலுறை.

"ஆருக்கு?"

"உன்ர ஆமிக்காரிக்கு."

"அப்ப குதி?"

"தொட்டுப் பாரன்."

இரட்டை நூல். நூறு வயதை நெருங்கிய விரல்கள் பின்னியது, கல்லுப்போல இருந்தது.

"அவளிட்டைச் சொல்லு. ஆரையும் கம்பிக்குள்ளை அடைக்கச் சொன்னால், இந்தச் சொக்ஸோடையே நடந்து வீட்டை வரட்டும். குதி தாங்கும்."

ஒன்றை முடித்தீர்கள். மற்றது குதியில் நிற்க, நீங்கள் போய்விட்டீர்கள். ஊசி இன்னும் அதிலேயே இருக்கிறது.

நேற்று அபியைக் கூப்பிட்டுக் கால் அளவு எடுத்தேன். "அம்மா, கோபம் போயிட்டுதோ?" என்றாள். "காலை ஆட்டாதை" என்றேன்.

அன்ரி, மீதியை நான் பின்னுகிறேன். என் பின்னல் கோணல்தான், ஆனால் குதி இளகாது. அவள் புறப்படும் நாளில் என் கையாலேயே போட்டுவிட்டு, நீங்கள் சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் சொல்லி அனுப்புவேன்.

நீங்கள் இல்லையென்று சொன்ன அந்த மருமகள்,
மேல்வீட்டு ராணி